முதலுக்கு மோசம் வராத மேசை எது? பத்து லட்சம் ரூபாயும் ஐந்து வழிகளும்

கோடம்பாக்கத்தில் படத்துக்குப் படம் சம்பளம் வாங்கும் எடிட்டர். முகூர்த்த மாதங்களில் மூச்சு விட நேரமில்லாமல், ஆடியிலும் மார்கழியிலும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருக்கும் கேட்டரிங்காரர். வெளிநாட்டு வேலையைப் பெருங்குடி ஃபிளாட்டிலிருந்து முடித்துக்கொடுக்கும் டெவலப்பர். மாதச் சம்பளம் இல்லாத இவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் ஒரே கேள்வி வருகிறது: மொத்தமாகப் பத்து லட்சம் கணக்கில் விழுந்திருக்கிறது, எஃப்.டி.யில் போடுவதா, தங்கமா, சீட்டா, மியூச்சுவல் ஃபண்டா, இல்லை தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனையா?

இதற்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவரை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அடுத்த பணம் எப்போது வரும் என்று தெரியாமலே குடும்பம் நடத்துவதில் தேர்ந்தவர்கள் தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர்கள். நன்றாக ஆடிக்கொண்டே மூன்று, நான்கு மாதம் தொடர்ந்து நஷ்டப்படுவது அவர்களுக்குச் சாதாரணம். அதனாலேயே பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது, எதில் எவ்வளவு இறக்குவது என்பதில் அவர்களுக்குக் கறாரான பழக்கங்கள் உண்டு.

போக்கர் ஆடச் சொல்லி இதை எழுதவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுமைக்குமான தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆடி வென்ற பணத்துக்கு வரியே 30 சதவீதம். இங்கே கடன் வாங்குவது அவர்களுடைய கணக்குப் பழக்கத்தை மட்டும்.

## எந்த அளவுகோலால் அளப்பது?

முதலுக்கு மோசம். நூற்றுக்கு அறுபது முறை நீங்கள் வெல்லும் ஓர் ஆட்டம். வென்றால் வைத்த பணம் இரட்டிப்பு, தோற்றால் போச்சு. இதைவிட நல்ல ஆட்டம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் மொத்தத்தையும் வைத்துப் பத்து முறை ஆடினால், கடைசியில் பணம் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம்தான். எவ்வளவு வைக்க வேண்டும் என்ற கணக்கை பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-ல் போட்டுக் காட்டினார். மேற்சொன்ன ஆட்டத்துக்கு விடை, மொத்தத்தில் 20 சதவீதம். போக்கர்காரர்கள் அதைவிடவும் குறைத்தே வைப்பார்கள். ஒரு மேசையில் உட்காரத் தேவையான தொகையைப் போல் 20 முதல் 40 மடங்கு இருந்தால்தான் அந்த மேசைக்குப் போவது என்பது வழக்கம். போட்டித் தொடர் என்றால் 100 மடங்கு.

இந்த ஒழுங்கு இல்லாத திறமை என்னவாகும் என்பதற்கு ஸ்டூ உங்கர் உதாரணம். 1980, 1981, 1997 என மூன்று முறை உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். மூன்றாவது முறை முதல் பரிசு 10 லட்சம் டாலர். அடுத்த ஆண்டே லாஸ் வேகாஸ் மோட்டல் அறையில் இறந்து கிடந்தபோது சொத்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

ரேக். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவியும் பணத்திலிருந்து கிளப் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு ரேக் என்று பெயர். யார் வென்றாலும் தோற்றாலும் அது போய்க்கொண்டே இருக்கும். நம் ஊரில் இதற்குச் சேதாரம், ஃபோர்மன் (சீட்டு நடத்துபவர்) கமிஷன், முத்திரைத்தாள், புரோக்கரேஜ் என்று பல பெயர்கள்.

கதவு. நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியுமா? எத்தனை நாளில், என்ன இழப்போடு?

காசு யார் கையில்? இதுதான் பலரும் கேட்க மறப்பது. கிறிஸ் ஃபெர்குசன் என்ற ஆட்டக்காரர் 2006-ல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, எந்த மேசையிலும் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்காமல் 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். அவர் இயக்குநராக இருந்த ஃபுல் டில்ட் என்ற இணைய நிறுவனம் 2011-ல் முடங்கியது. ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி என்றது அமெரிக்க அரசுத் தரப்பு. ஐந்து சதவீத விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களின் பணமும் அதில் மாட்டியது. சென்னைக்கு இது புதுப் பாடம் இல்லை. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து மெட்ராஸ் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பை விழுங்கியது. அந்தக் கலக்கத்தில் பிறந்ததுதான் 1907-ல் இந்தியன் வங்கி.

எதிரில் யார்? உங்களைவிட விவரம் தெரிந்தவர் எதிரில் இருந்தால், அவருடைய லாபம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

எத்தனை சதவீதம் வரும் என்பதை அளவுகோலாகவே வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே உள்ள ஐந்தும் சரியாக இருந்தால் அது தானாகத் தெரியும். இவற்றை விட்டுவிட்டு சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்களைத்தான் மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று விளம்பரம் செய்பவர்கள் தேடுகிறார்கள்.

## பத்து லட்சத்தில் உங்களுடையது எவ்வளவு?

பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துத்தான் பத்து லட்சம் என்றால், அதில் 1,52,542 ரூபாய் அரசாங்கத்தினுடையது. மாதாமாதம் கணக்குக் கட்டுபவர் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் செலுத்த வேண்டும். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டவேண்டியிருந்தால் அதையும் இப்போதே ஒதுக்க வேண்டும். பிறகு வீட்டுச் செலவு. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் சேர்த்து மாதம் 45,000 என்றால், வேலை வராத எட்டு மாதத்துக்கு 3.6 லட்சம். மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாதச் செலவு போதும். படத்துக்குப் படம் சம்பளம் வாங்குபவருக்கு எட்டு என்பதே குறைந்தபட்சம்.

மிச்சம் சுமார் 4.87 லட்சம். போக்கர்காரர் ‘ஆட்ட முதல்’ என்று சொல்வது இந்தத் தொகையைத்தான். வாடகைப் பணத்தை அவர் மேசைக்குக் கொண்டுவர மாட்டார். வாடகைக்காக ஆடுபவனின் கை நடுங்கும், நடுங்குவது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

இனி ஒவ்வொன்றாக.

## எஃப்.டி.

ரேக் மிகக் குறைவு: முன்கூட்டி எடுத்தால் வட்டியில் பொதுவாக 0.5 முதல் 1 சதவீதம் குறையும், அவ்வளவுதான். கதவு திறந்தே இருக்கிறது. வங்கி கவிழ்ந்தாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது வெறும் 1 லட்சமாக இருந்தது. அசலாக 4.5 லட்சத்துக்கு மேல் ஒரே வங்கியில் போடாமல் இருந்தால் வட்டிக்கும் சேர்த்து இடம் கிடைக்கும்.

இதில் நடக்கும் தவறு, மொத்தத்தையும் ஒரே ரசீதாகப் போடுவது. 60,000 தேவைப்படும்போது 3.6 லட்சத்தையும் உடைக்க வேண்டிவரும். 60,000 வீதம் ஆறு ரசீதாகப் போட்டு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதம் என்று முதிர்வைப் பரப்பி வையுங்கள். முதிர்வுக்குச் சில வாரங்களே இருக்கும் ரசீது என்றால் உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்குவது லாபம். டெபாசிட் வட்டியைவிடச் சுமார் 1 சதவீதம் கூடுதலாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வரி. 7 சதவீத வட்டி, 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 4.9 ஆகிவிடும். விலைவாசி ஏறும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதே சந்தேகம். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வட்டிக்கும் வரி இல்லை என்பதால், ஏற்ற இறக்க வருமானக்காரர் பலருக்கு எஃப்.டி. அவர்கள் நினைப்பதைவிட நல்ல பேரம்.

அதிக வட்டிக்காக தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனங்களான டி.என்.பி.எஃப்.சி., டி.டி.எஃப்.சி. இரண்டையும் சென்னையில் பலர் நாடுகிறார்கள். நாடலாம். ஆனால் இவை வங்கிகள் அல்ல. 5 லட்சக் காப்பீடு இவற்றுக்குப் பொருந்தாது.

எட்டு மாதச் செலவுப் பணத்துக்கும், இரண்டு வருடத்துக்குள் கட்டாயம் தேவைப்படும் பணத்துக்கும் எஃப்.டி.யைத் தவிர வேறு மேசை தேடாதீர்கள்.

## தங்கமும் நகைச் சீட்டும்

தி.நகரில் நகை வாங்குவதை முதலீடு என்று சொல்பவரிடம் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 100 ரூபாய்த் தங்கம், 14 சதவீதம் சேதாரம், மேலே 3 சதவீதம் ஜி.எஸ்.டி.: மொத்தம் 117.42. மறுநாளே விற்றால் உருக்குக் கழிவெல்லாம் போக 97 அல்லது 98 கிடைக்கும். கடை வாசலைத் தாண்டும்போதே 17 சதவீதம் போய்விட்டது. போட்ட காசை எடுக்கவே தங்கம் 20 சதவீதம் ஏற வேண்டும்.

பதினொரு மாத நகைச் சீட்டில் சேதாரம் இல்லையென்றால் இந்த இழப்பு 5 சதவீதம் அளவுக்குச் சுருங்குகிறது. அதுதான் அந்தத் திட்டத்தின் ஒரே லாபம், அது பெரிய லாபமும்கூட. சேருமுன் கேட்க வேண்டியவை: கட்டும் பணத்தை ரூபாயாக வரவு வைக்கிறார்களா, அன்றைய விலையில் கிராமாகவா? ரூபாயாக என்றால், தங்கம் ஏறும் ஆண்டில் ஏற்றமெல்லாம் உங்களுக்கு நஷ்டம். சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை? 12 வரை என்று எழுதியிருந்தால், நீங்கள் விரும்பும் ஆரத்தின் சேதாரம் 18 ஆக இருக்கும்போது மிச்சம் ஆறு உங்கள் தலையில். முதிர்வில் நாணயமாகத் தருவார்களா? பெரும்பாலும் தரமாட்டார்கள், நகைதான்.

பதினொரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் சரிக்கட்டாவிட்டால் கம்பெனி விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். டெபாசிட் இல்லை என்பதற்காகவே பதினொரு மாதம். அப்படியென்றால் காப்பீடும் இல்லை. கடை ஷட்டரை இறக்கினால், தவணை அட்டையோடு பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சென்னை இதை ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டது. ஒரே கடையில் பெரிய தொகைச் சீட்டு வேண்டாம்.

நகை உங்கள் பீரோவுக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. அடகு வைத்தால் மதிப்பில் பெரும்பகுதி அன்றைக்கே கைக்கு வரும், வருமானச் சான்று பெரும்பாலும் கேட்பதில்லை. மாதச் சம்பளம் இல்லாதவரை வங்கி பெர்சனல் லோனுக்கு அலையவிடும்போது தங்கத்தின் இந்தக் குணம் கைகொடுக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் சதவீதம் பேசாமலே இதைப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அணிய வேண்டாம், விலை ஏற்றம் மட்டும் போதும் என்றால் தங்க ஈ.டி.எஃப்., அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்ட். சேதாரம் கிடையாது, பீரோ சாவி கவலை கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஆனால் அதைத் தெருமுனை அடகுக் கடையில் வைக்க முடியாது.

வீட்டில் இரண்டு மூன்று வருடத்துக்குள் கல்யாணம் என்றால் நகைச் சீட்டு நல்ல தேர்வு. மற்றபடி ஆட்ட முதலில் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் தங்கத்துக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

## ஏலச் சீட்டு

ஆடுவதற்கும் சீட்டு, கட்டுவதற்கும் சீட்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஐந்து வழிகளில் உண்மையிலேயே போக்கர் மேசை போல இருப்பதும் இதுதான்: உறுப்பினர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் வெல்கிறார்கள், நடத்துபவர் ரேக் எடுக்கிறார்.

5 லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 25,000. ஃபோர்மன் கமிஷன் 5 சதவீதம், அதாவது மாதம் 25,000. (சட்டம் 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது, 2019 திருத்தத்துக்கு முன் 5 ஆக இருந்தது. கமிஷன் மேல் ஜி.எஸ்.டி. வேறு.) இருபது மாதத்துக்கு இந்தக் கமிஷனைக் கூட்டினால் 5 லட்சம்: முழுதாக ஒரு சீட்டு, நடத்துபவருக்கு.

இப்போது தள்ளு, அதாவது பணத்தை முன்னதாக எடுக்க ஏலத்தில் ஒருவர் விட்டுக்கொடுக்கும் தொகை. முதல் மாதம் 30 சதவீதம் தள்ளி எடுக்கிறார்கள், அது மெதுவாக இறங்கிக் கடைசி மாதம் 5 சதவீதத்தில் முடிகிறது என்று வையுங்கள். முதல் மாதத் தள்ளு 1,50,000. கமிஷன் போக 1,25,000. அதை இருபது பேருக்கும் பிரித்தால் அந்த மாதத் தவணையில் ஆளுக்கு 6,250 கழிவு. கடைசிவரை காத்திருப்பவர் மொத்தம் 4,37,500 கட்டி 4,75,000 வாங்குகிறார். பணம் எத்தனை மாதம் வெளியில் இருந்தது என்று பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம். முதல் மாதமே எடுத்தவர் 3,50,000 வாங்கி அதே 4,37,500-ஐக் கட்டுகிறார். அவருக்கு அது ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டிக் கடன்.

பதினொன்று என்றதும் சேர்ந்துவிடாதீர்கள். அதே சீட்டில் தள்ளு 30-க்குப் பதிலாக 20 சதவீதத்தில் தொடங்கினால்? கடைசியில் எடுப்பவர் 4,62,500 கட்டி 4,75,000 வாங்குவார். ஆண்டுக்கு மூன்றரை சதவீதம். சேமிப்புக் கணக்கைவிடக் கொஞ்சம் மேல். ஆக, உங்கள் லாபம் முழுக்க மற்றவர்களின் அவசரத்தைப் பொறுத்தது. எல்லோரும் உங்களைப் போலச் சேமிக்க வந்தவர்கள் என்றால் ரேக் போக யாருக்கும் எதுவும் இல்லை. அவசரக்காரர்கள் நிறைய இருந்தால் தள்ளு ஏறும், லாபமும் ஏறும். ஆனால் முதல் மாதமே 30 சதவீதம் தள்ளி எடுக்கும் நிலையில் இருப்பவர்தான் பன்னிரண்டாம் மாதம் தவணையை நிறுத்தக்கூடியவரும். லாபமும் ஆபத்தும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. சீட்டில் சேருமுன் நடத்துபவரைப் பற்றி விசாரிப்பவர்கள் உண்டு. கூடச் சேரும் பத்தொன்பது பேரைப் பற்றி விசாரிப்பவர் குறைவு.

காசு யார் கையில் என்ற கேள்வி இங்கே கூர்மையானது. 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையை அவர் பேரில் வைக்க வேண்டும். ஒப்பந்த நகலில் முன் அனுமதி எண்ணைப் பாருங்கள், அந்த எண் உங்கள் குழுவுக்குரியதுதானா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கம்பெனிக்குப் பதிவு இருக்கிறது என்பது போதாது. பிணையும் ஒரு சீட்டுத் தொகைக்குத்தான். பதினைந்தாம் மாதம் முறிந்தால், எடுக்காமல் காத்திருக்கும் ஐந்து பேர் கட்டிய பணம் அதைவிடப் பல மடங்கு. தனி ஆள் ஒருவர் நடத்தக்கூடிய சீட்டுகளின் மொத்த வரம்பே 3 லட்சம்தான். மாடி வீட்டு மாமி நடத்தும் 10 லட்சம் சீட்டு எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறும் வருமானக்காரருக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு மாதம் தவணை தவறினால் பெரும்பாலும் அந்த மாதக் கழிவு போய்விடும், அபராதமும் சேரும். ஏலம் எடுத்தாலும் ஜாமீன்தாரர்களின் சம்பளச் சான்று வராமல் செக் வராது. அரசு ஊழியரைத் தேடி அலைவதில் சில வாரங்கள் போகும். கட்டியே தீர வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: மொத்தத் தவணைக்குமான பணத்தை முதலிலேயே எஃப்.டி.யில் வைத்து அதிலிருந்து கட்டுவது. அந்த அளவு பணம் இருப்பவருக்குச் சீட்டு எதற்கு என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

சீட்டு யாருக்கு நல்லது? ஏழெட்டு மாதத்தில் கேமராவோ கிரைண்டரோ வாங்க மொத்தத் தொகை வேண்டும், வங்கி கடன் தராது, கந்துவட்டிக்குப் போக விருப்பமில்லை என்பவருக்கு. கடன் வாங்கும் கருவியாகச் சீட்டு உருப்படியானது. சேமிப்பாக வைத்தால் சுமார்.

## இண்டெக்ஸ் ஃபண்ட்

ரேக்கில் இதற்கு ஈடில்லை. நிஃப்டி 50 என்பது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடு, அந்தப் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட்தான் இண்டெக்ஸ் ஃபண்ட். அதன் டைரக்ட் திட்டத்தில் ஆண்டுச் செலவு பொதுவாக 0.1 முதல் 0.3 சதவீதத்துக்குள். ஏஜென்ட் வழியாக வரும் ரெகுலர் திட்டத்தில் அரை சதவீதம் கூடினால் என்ன என்று தோன்றும். 10 லட்சம், 20 வருடம்: 11 சதவீதம் வளர்ந்தால் 80.6 லட்சம், 10.5 என்றால் 73.7 லட்சம். அந்த அரை சதவீதத்தின் விலை ஏழு லட்சம்.

கதவும் நல்லது, விற்றால் இரண்டு மூன்று வேலை நாளில் பணம் வங்கிக்கு வந்துவிடும். பங்குகள் தனிக் காப்பாளரிடம் இருக்கும், ஃபண்ட் கம்பெனியின் சொத்தோடு கலக்காது. ஃபுல் டில்ட்டில் இல்லாமல் போனது இந்தப் பிரிவினைதான். எதிரில் யார் என்ற கேள்விக்கும் இதில் நல்ல பதில் இருக்கிறது: யாரையும் தோற்கடிக்க நீங்கள் உட்காரவில்லை, ஐம்பது கம்பெனிகளின் லாபத்தில் பங்கு கேட்கிறீர்கள். இதே சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்விலை ஒப்பந்தங்களின் பக்கம் போனால் அது அசல் சூதாட்ட மேசை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அங்கே ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே கணக்குக் காட்டியிருக்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

இதன் விலை ஏற்ற இறக்கம். 2008 ஜனவரியில் 6,280-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி அக்டோபரில் 2,530-க்கும் கீழே முடிந்தது. 60 சதவீதச் சரிவு. 2020-ல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் 38 சதவீதம். 2020-ன் சரிவு அந்த நவம்பருக்குள் சரியாகிவிட்டது. 2008-ன் உச்சத்தைத் தொட 2010 நவம்பர் வரை ஆனது, அதைத் தாண்டி நிலைக்க இன்னும் மூன்று வருடம். இந்தச் சரிவுகளில் அழிந்தவர்கள் பெரும்பாலும் விற்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள். படப்பிடிப்பும் கல்யாணமும் நின்றுபோன 2020 மார்ச்-ஏப்ரலில்தான் சந்தையும் விழுந்து கிடந்தது என்பதை நினைவில் வையுங்கள். வருமானமும் முதலீடும் ஒரே நேரத்தில் அடிவாங்கும். எட்டு மாதச் செலவைத் தனியே வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வரி: ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20. ‘12 லட்சம் வரை வரியில்லை’ என்ற சலுகை இந்த லாபத்துக்குப் பொருந்தாது.

ஏழு வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் என்றால் இதுவே முதல் தேர்வு. மொத்தமாகப் போட மனம் அஞ்சினால் ஆறு மாதத்தில் ஆறு பாகமாகப் போடலாம். ஆனால் ‘இன்னும் விழட்டும்’ என்று நிறுத்தினால் அந்தத் திட்டமே வீண்.

## மனை

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு வண்டலூரைச் சுற்றியும், விமான நிலைய அறிவிப்புக்குப் பிறகு பரந்தூரைச் சுற்றியும் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் நம் ஆட்ட முதல் 4.87 லட்சம். அதற்கு முழு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி கிடைக்கும் இடத்தில் ஊர் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பத்து லட்சத்தையும் இறக்கி, மேலே பத்து லட்சம் கடனும் வாங்கினால் 20 லட்சத்து மனை. அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 1.8 லட்சம். புரோக்கர் 1 முதல் 2 சதவீதம், வக்கீல் பார்வை, அளவை, கல் நட்டு வேலி. விற்கும்போது மறுபடி புரோக்கர். ரேக் 11, 12 சதவீதத்தைத் தொட்டுவிடும். 10 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் பத்து வருட இ.எம்.ஐ. 12,668 ரூபாய், படம் வந்தாலும் வராவிட்டாலும். காலி மனை வாடகை தராது. விற்க மாதக்கணக்கில் ஆகும்; அவசரம் என்று தெரிந்தால் கேட்கிற விலை இன்னும் இறங்கும்.

எதிரில் இருப்பவர் இங்கே எப்போதும் உங்களைவிட விவரமானவர். அவர் அந்த ஊர்க்காரர், ஏரி எது, மேய்க்கால் எது, பங்காளி வழக்கு எது என்று தெரிந்தவர். உங்கள் ஆயுதம் காகிதம்தான்: தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் எண், ரெரா பதிவு எண். அங்கீகாரமில்லாத மனைப் பதிவுக்கு 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது சிக்கியவர்கள் பல வருடம் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தார்கள். காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

ஓ.எம்.ஆரில் அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டுக் கோடீஸ்வரரானவரின் கதையைச் சொல்லித்தான் எல்லா மனையும் விற்கப்படுகிறது. மோசமான கையோடு மொத்தப் பணத்தையும் வைத்து வென்றவரை நல்ல ஆட்டக்காரர் என்று போக்கர்காரர்கள் சொல்ல மாட்டார்கள். வென்றது நிஜம், முடிவு தவறு. அதே வருடங்களில் வேறு திசையில் வாங்கி இன்னும் முள்வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

வீடு கட்டிக் குடியேறும் திட்டம் இருந்து, மனையின் விலை உங்கள் மொத்தச் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் வாங்கலாம். இந்தப் பத்து லட்சத்துக்கு மனை பொருந்தாது.

## ஐந்தும் ஒரே பார்வையில்

| வழி | உள்ளே வந்து வெளியே போக இழப்பு | பணம் கைக்கு வர | காசு யார் கையில் | மோசமான காலத்தில் |
|---|---|---|---|---|
| எஃப்.டி. | வட்டியில் 0.5–1% | அன்றே அல்லது மறுநாள் | வங்கி. 5 லட்சம் வரை காப்பீடு | அசல் குறையாது |
| நகை | சீட்டில் 5%, நேரடியாக 17% | அன்றே (அடகு) | முதிர்வு வரை கடை, பிறகு நீங்கள் | விலை இறங்கினாலும் அடகுக்கு உதவும் |
| ஏலச் சீட்டு | 5–7%, மேலே ஜி.எஸ்.டி. | ஏலம், ஜாமீன், சில வாரம் | ஃபோர்மன் | மொத்தமும் சிக்கலாம் |
| இண்டெக்ஸ் ஃபண்ட் | ஆண்டுக்கு 0.1–0.3% | 2–3 வேலை நாள் | தனிக் காப்பாளர் | 60% வரை சரிந்ததுண்டு |
| மனை | 11–12% | மாதங்கள் | பத்திரம் உங்கள் பெயரில் | விற்க ஆள் கிடைக்காது |

ஆக, 10 லட்சம் வந்தவருக்கு எங்கள் பிரிப்பு: ஜி.எஸ்.டி. 1.52 லட்சம் தனிக் கணக்கில், 3.6 லட்சம் ஆறு எஃப்.டி. ரசீதுகளாக, மிச்சத்தில் சுமார் 4.2 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டில், 65,000 தங்க ஈ.டி.எஃப்.பில். அடுத்த வருடம் வீட்டில் கல்யாணம் என்றால் ஃபண்ட் பங்கு எஃப்.டி.க்கும் நகைச் சீட்டுக்கும் போய்விடும். சந்தையில் வைத்துக்கொண்டு முகூர்த்த நாளை எண்ணக் கூடாது. 15 சதவீத வட்டிக்கு மேல் கடன் ஏதும் இருந்தால் ஐந்து வழிகளையும் தள்ளிவைத்து முதலில் அதை அடையுங்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டுப் போடுவார்கள்: எந்த மேசை, எவ்வளவு, ஏன் உட்கார்ந்தேன், எப்போது எழுவேன். பணம் போடும் அன்றைக்கே நீங்களும் இதை எழுதி ரசீதோடு வைக்கலாம். ஃபண்டுக்கான குறிப்பு இப்படி இருந்தால் போதும்: “நிஃப்டி இண்டெக்ஸ், டைரக்ட். 4.2 லட்சம், மாதம் 70,000 வீதம் ஆறு முறை. ஏழு வருடத்துக்குத் தேவைப்படாத பணம். பாதியாக விழுந்தாலும் விற்பதில்லை. எஃப்.டி. ரசீது இரண்டுக்கும் கீழே போனால் அடுத்த பேமென்ட் முதலில் எஃப்.டி.க்கு.”